ஓடுகிற குதிரையை விற்கலாமா?

1989 அக்டோபர். டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி அந்த சீசனில் ஐந்து ஆட்டங்களை முடித்திருந்தது. ஐந்திலும் தோல்வி. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 28-0 என்று உதை வாங்கியிருந்தார்கள். அந்த அணியில் நாடு முழுக்கத் தெரிந்த பெயர் என்று சொன்னால் ஹெர்ஷல் வாக்கர்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுகிறவர். இந்த வேலைக்கு ரன்னிங் பேக் என்று பெயர்.

அந்த நேரத்தில்தான் கோச் ஜிம்மி ஜான்சனுக்கு ஒரு யோசனை வந்தது. இருக்கிற ஒரே பெரிய ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டால் என்ன?

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். வீட்டில் இருப்பதே ஒரு பசுமாடு, பால் போதவில்லை என்று அந்த மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் சந்தையில் விற்பது போல. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாகியும் அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் அந்த ஒரு முடிவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் தோற்கிற ஏதாவது ஒரு அணி இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறது. அனுபவசாலியான ரன்னிங் பேக்கை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு நாலைந்து பேரை வாங்கி அணியைப் பலப்படுத்துவதா?

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொன்னால் போதும்.

ஒன்று, என்.எஃப்.எல் லீகில் ஆட்டக்காரரைக் கொடுக்கும்போது பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு டிராஃப்ட் தேர்வு. டிராஃப்ட் என்பது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். கல்லூரியில் ஆடிய இளைஞர்களை ஒவ்வொரு அணியும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பையே இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம். அதாவது இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு பையனுக்காக இன்றைக்கு ஆடிக்கொண்டிருப்பவரைக் கொடுக்கலாம்.

இரண்டு, ரன்னிங் பேக்கின் உடம்பு. நூற்றுப்பத்து, நூற்றிருபது கிலோ எடையுள்ளவர்கள் ஓடி வந்து மோதுவதை ஒரு ஆட்டத்தில் இருபது தடவை தாங்குவதுதான் அவருடைய வேலை. முழங்கால், கணுக்கால், தோள்பட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குத் தீர்க்கும். குவார்ட்டர்பேக் முப்பத்தைந்து வயதிலும் ஆடலாம். ரன்னிங் பேக்குக்கு இருபத்தெட்டைத் தாண்டினாலே எல்லோரும் அவருடைய காலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ரன்னிங் பேக் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஓடுகிற வரைதான் பொன்.

வாக்கருக்கு அப்போது 27 வயதுதான். ஆனால் வயதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷத்தில் 994 முறை பந்தை எடுத்து ஓடியவர். 1982ல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராஃபியை வாங்கிவிட்டு, யு.எஸ்.எஃப்.எல் என்ற போட்டி லீகில் மூன்று சீசன் ஆடினார். அதில் 1985 சீசனில் மட்டும் 438 தடவை ஓடியிருக்கிறார். அந்த லீக் படுத்த பிறகு 1986ல் டல்லாஸ் வந்து, 1988ல் மறுபடியும் 361 தடவை. கூட்டிப் பார்த்தால் 27 வயதுக்குள் 2,800 தடவைக்கும் மேல். இத்தனை முறை இடி வாங்கிய உடம்பை இளமையானது என்று சொல்ல முடியாது.

சரி, டல்லாஸ் ஏன் அந்த நிலைமைக்கு வந்தது? டாம் லாண்ட்ரி என்ற கோச் 1960ல் அணி தொடங்கிய நாளிலிருந்து 29 சீசன் அங்கேயே இருந்தவர். 1966 முதல் 1985 வரை தொடர்ந்து இருபது சீசன் தோல்வியைவிட வெற்றியே அதிகம். அப்புறம் அணிக்கு வயதாகிவிட்டது. பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றார்கள், புதிதாக வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 1988ல் 16 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. 1989 பிப்ரவரியில் ஜெர்ரி ஜோன்ஸ் என்ற எண்ணெய் வியாபாரி அணியை வாங்கினார். வாங்கிய கையோடு லாண்ட்ரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மியாமி பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த ஜான்சனை அழைத்து வந்தார். ஊர் கொதித்துப்போனது.

இந்த இடத்தில்தான் ஜான்சனின் கணக்கைக் கவனிக்க வேண்டும். 1988ல் வாக்கர் ஓடிய தூரம் 1,514 யார்டு. ஒரு ரன்னிங் பேக்குக்கு ஆயிரம் யார்டு தாண்டினாலே நல்ல சீசன். 1,500 என்றால் பிரமாதம். அப்படிப் பிரமாதமாக ஓடிய வருஷத்தில் அணிக்குக் கிடைத்தது மூன்று வெற்றி. அவர் இன்னும் நன்றாக ஓடினால் நான்கோ ஐந்தோ கிடைக்கலாம். ஜான்சன் இளம் ஆட்களை வைத்து அணியை நிமிர்த்த எப்படியும் மூன்று நான்கு வருஷம் ஆகும். அதற்குள் வாக்கருக்கு முப்பது வயது தாண்டிவிடும். டல்லாஸ் தயாராகும்போது வாக்கர் தயாராக இருக்க மாட்டார். அவர் மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் நினைக்கவில்லை. அவருடைய நல்ல காலமும் அணியின் நல்ல காலமும் ஒன்றாக வரப்போவதில்லை, அவ்வளவுதான்.

ஜான்சனும் அவருடைய உதவி கோச்சுகளும் தினமும் சேர்ந்து ஜாகிங் போவார்கள். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தப் பேச்சு வந்தது என்று ஜான்சனே பிறகு சொல்லியிருக்கிறார். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ஆர்வம் காட்டியது. ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால் இன்னொருவரிடம் விலையை ஏற்றலாம் என்பது எந்தச் சந்தையிலும் உள்ள வழக்கம்தானே. கடைசியில் மாட்டியது மினசோட்டா வைகிங்ஸ். அந்த அணியின் ஜெனரல் மேனேஜர் மைக் லின்.

அக்டோபர் 12ஆம் தேதி டிரேடு முடிந்தது. ஆட்டக்காரர்களும் டிராஃப்ட் தேர்வுகளுமாக மொத்தம் 18 கைமாறின. அதுவரை லீகில் அவ்வளவு பெரிய டிரேடு நடந்ததில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் டல்லாஸுக்குக் கிடைத்தது ஐந்து ஆட்டக்காரர்கள். யாரும் பெரிய நட்சத்திரம் இல்லை. ஒரு வாக்கரைக் கொடுத்துவிட்டு ஐந்து சில்லறையை வாங்கினார்களா என்று டல்லாஸ் பத்திரிகைகளே கேட்டன. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒவ்வொருவர் பின்னாலும் டிராஃப்ட் தேர்வுகள் கட்டப்பட்டிருந்தன. 1990 பிப்ரவரிக்குள் டல்லாஸ் அந்த ஆட்டக்காரரை விடுவித்தால், அவருக்குரிய தேர்வு டல்லாஸுக்கு. வைத்துக்கொண்டால் தேர்வு கிடையாது. கையில் இருக்கும் நல்ல ஆட்களை யார் விடுவிப்பார்கள் என்று லின் நினைத்தார். ஜான்சனோ ஆரம்பத்திலிருந்தே தேர்வுகளைத்தான் குறி வைத்திருந்தார்.

ஐந்து பேரில் ஒருவரான டாரின் நெல்சன் டல்லாஸ் போக மறுத்துவிட்டார். அவரை சான் டியேகோவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கெடு நெருங்கியபோது டல்லாஸ் வைகிங்ஸோடு மறுபடியும் பேசி, தன்னிடமிருந்த சில பிற்சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்துவிட்டு, மூன்று ஆட்டக்காரர்களையும் வைத்துக்கொண்டு, பெரிய தேர்வுகளையும் வாங்கிக்கொண்டது. 1990, 1991, 1992 மூன்று வருஷத்துக்கும் வைகிங்ஸின் முதல் சுற்று, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் எல்லாம் டல்லாஸ் கைக்குப் போயின.

இதைப் படித்துவிட்டு லின்னை முட்டாள் என்று சொல்வது சுலபம். அவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். வைகிங்ஸ் 1987 சீசனில் சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் வரை வந்து, வாஷிங்டனிடம் 17-10 என்று தோற்ற அணி. தடுப்பாட்டம் பலமானது. கையில் இருந்த ஆட்டக்காரர்கள் நல்ல வயதில் இருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்று எண்ணுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. வந்த மூன்றாம் நாளே கிரீன் பே அணிக்கு எதிராக வாக்கர் 148 யார்டு ஓடினார். முதல் ஓட்டமே 47 யார்டு. ஓடும்போது ஒரு ஷூ கழன்று விழுந்தும் நிற்கவில்லை. மினசோட்டா ரசிகர்கள் அன்றிரவு சூப்பர் பவுல் கனவோடுதான் தூங்கியிருப்பார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கனவு வரவே இல்லை. வாக்கர் ஆழமாக நின்று, பந்தை வாங்கி, நேராக வேகமெடுத்துப் பாய்கிறவர். டல்லாஸ் அவரைச் சுற்றியே ஆட்டத்தை அமைத்திருந்தது. வைகிங்ஸின் முறை வேறு. சீசன் நடுவில் வந்தவருக்காக அதை மாற்றுவதும் கடினம். அந்த வருஷம் 10-6 என்று பிளேஆஃப் போய், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 41-13 என்று நொறுங்கினார்கள். 1990ல் 6-10. மினசோட்டாவில் ஒரு சீசனில்கூட வாக்கர் ஆயிரம் யார்டைத் தொடவில்லை. 1991 முடிந்ததும் அவர் போய்விட்டார். தேர்வுகளும் போய்விட்டன. பஞ்சத்தில் விதை நெல்லைக் குத்தித் தின்றவன் அடுத்த மழைக்கு என்ன செய்வான்? வைகிங்ஸுக்கு வந்தது பஞ்சம்கூட இல்லை. நன்றாக விளைந்துகொண்டிருந்த வருஷத்தில், இன்னும் ஒரு விருந்துக்கு ஆசைப்பட்டு விதை நெல்லை எடுத்தார்கள்.

டல்லாஸுக்கும் உடனே விடியவில்லை. 1989ல் 16 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 15 தோல்வி. அந்த ஒன்றும் நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிராக, வாக்கர் போன பிறகு வந்தது. இந்த மாதிரி டிரேடைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வருஷத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அணியை நம்பி டிக்கெட் வாங்கியவன் ஒரு வருஷம் முழுக்கத் தோல்வியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்காலம் என்று சொல்லி நிகழ்காலத்தை எடுத்துக்கொள்ளும்போது அந்த விலையைக் கொடுப்பது ரசிகன்தான்.

1990 டிராஃப்டில் வைகிங்ஸ் வழியாக வந்த 21ஆவது தேர்வோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து பிட்ஸ்பர்க்கிடம் கொடுத்து, 17ஆவது இடத்துக்கு ஏறி ஒரு பையனை எடுத்தார்கள். பெயர் எம்மிட் ஸ்மித். அவரும் ரன்னிங் பேக்தான். வயது 20. பிற்பாடு 18,355 யார்டு ஓடி, லீக் வரலாற்றிலேயே அதிகம் ஓடியவர் என்ற சாதனையோடு ஓய்வு பெற்றார். 1992ல் டாரன் உட்சன் என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டாம் சுற்றில் வந்தார். 1992, 1993, 1995 சீசன்களில் டல்லாஸ் மூன்று சூப்பர் பவுல் வென்றது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. எல்லாப் புகழும் வாக்கர் டிரேடுக்கே என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை இல்லை. குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மன் டிரேடுக்கு முன்பே, 1989 டிராஃப்டின் முதல் தேர்வாக வந்தவர். பந்து பிடிக்கும் மைக்கேல் இர்வின் 1988லேயே, லாண்ட்ரி காலத்திலேயே வந்தவர். கையில் வந்த தேர்வுகளைத் திரும்பத் திரும்ப மற்ற அணிகளோடு மாற்றி மாற்றி வியாபாரம் செய்தார் ஜான்சன். எந்தத் தேர்வு எவ்வளவு பெறும் என்று பார்க்க 1991 வாக்கில் அணிக்குள்ளேயே ஒரு மதிப்புப் பட்டியல் தயாரித்தார்கள். முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, கீழே போகப் போகக் குறையும். பிற்பாடு லீக் முழுக்க அந்தப் பட்டியல் பரவியது. விதை நெல் கிடைத்தால் மட்டும் போதாது, உழத் தெரிந்தவனும் வேண்டும்.

சரி, இதிலிருந்து எப்போதும் கொடுத்துவிடுவதே நல்லது என்று முடிவு கட்டலாமா? அதுவும் முடியாது.

1999ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், சம்பளத்தில் அதிருப்தியோடு இருந்த மார்ஷல் ஃபாக்கை செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வு. வாக்கருக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. அந்த சீசனிலேயே ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. வாங்கியவனுக்கு லாபம். ஆனால் கொடுத்தவனும் கெடவில்லை. கோல்ட்ஸ் அதே டிராஃப்டில் எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தது. முதல் சீசனிலேயே 1,553 யார்டு ஓடி லீகில் முதலிடம். 1998ல் 3-13 என்று இருந்த அணி 1999ல் 13-3. ஒரே டிரேடில் இரண்டு பேரும் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2022 அக்டோபரில் கரோலைனா பேந்தர்ஸ் 1-5 என்று தள்ளாடியபோது கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து நான்கு தேர்வுகள் வாங்கியது. மெக்காஃப்ரி 2023ல் 1,459 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். அவருடைய அணி சூப்பர் பவுல் வரை போய், கூடுதல் நேரத்தில் தோற்றது. அடுத்த வருஷமே காயத்தால் நான்கே ஆட்டம்தான் ஆடினார். ஓடுகிற வரைதான் பொன் என்று சொன்னது இதைத்தான். பேந்தர்ஸ் அந்தத் தேர்வுகளில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து 2023 டிராஃப்டின் முதல் இடத்துக்கு ஏறியது. ஆனால் அந்த 2023 சீசனில் வென்றது இரண்டே ஆட்டம். கொடுத்த முடிவு சரி. வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை.

கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. 2023 அக்டோபர் 31, டிரேடு கெடு. டெரிக் ஹென்றிக்கு வயது 29. டென்னசி டைட்டன்ஸ் 3-4. இரண்டு நாள் முன்னால்தான் ஒரு புது குவார்ட்டர்பேக் முதல் ஆட்டத்திலேயே நான்கு டச்டவுன் போட்டு ஜெயித்துக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வெற்றி தந்த நம்பிக்கையில் யாருக்குத்தான் கொடுக்க மனசு வரும்? கொடுக்கவில்லை. சீசன் 6-11 என்று முடிந்தது. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த ஹென்றி பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய், 30 வயதில் 1,921 யார்டு ஓடினார். டைட்டன்ஸுக்கு அவருடைய கடைசி ஓட்டமும் கிடைக்கவில்லை, அவருக்கு மாற்றாக ஒரு தேர்வும் கிடைக்கவில்லை. முழுக்கத் தோற்கிற அணிக்கு முடிவு எடுப்பது சுலபம். பாதி ஜெயித்துப் பாதி தோற்கிற அணிக்குத்தான் கஷ்டம்.

இத்தனையையும் தராசில் வைத்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன.

முதலாவது, அவர் நல்ல ஆட்டக்காரரா என்று கேட்பதைவிட, அணி எப்போது ஜெயிக்கப் போகிறது என்று கேட்பது. இந்த வருஷம் என்றால் அவர் இருக்கட்டும். மூன்று வருஷம் கழித்து என்றால் அவரை வைத்திருப்பது பாலை வெயிலில் வைத்திருப்பது மாதிரி.

இரண்டாவது, ‘ஆழம்’ என்ற வார்த்தையில் ஏமாறக் கூடாது. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது 11 பேர்தான். ஒரு சிறந்த ஆளுக்குப் பதில் ஐந்து சுமாரான ஆட்கள் வந்தால், பெஞ்சு நிறையும், களம் நிறையாது. ஏற்கெனவே நல்ல பதினொரு பேர் இருந்து, ஒருவர் காயப்பட்டால் மாற்றில்லாமல் தவிக்கிற அணிக்குத்தான் அந்த ஐந்து பேர் பயன்படுவார்கள். மற்றவர்கள் ஜான்சன் போல நாளைக்கு வரக்கூடிய ஒரு சிறந்த ஆளைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கு. ஒரு ஆள் குறைகிறார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆள் இந்த வீட்டு அடுப்பில் வேகிற அரிசியா என்று பார்க்க வேண்டும். ராம்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோவும் தங்கள் ஆட்டமுறைக்குப் பொருத்தமான ஆளை, தாங்கக்கூடிய விலையில் வாங்கினார்கள். வைகிங்ஸ் புகழை வாங்கியது.

இந்தக் கணக்குகளில் எல்லாம் ஒரு மனிதரும் இருக்கிறார் என்பது மறந்துபோகிறது. வாக்கருக்கு டல்லாஸை விட்டுப் போக விருப்பமில்லை. சமாதானப்படுத்தப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். மினசோட்டாவில் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் ரசிகர்கள் அவர் முகத்தில் அந்தத் தேர்வுகளைத்தான் பார்த்தார்கள். அவர் கேட்டா அந்த விலை போட்டார்கள்? எம்மிட் ஸ்மித்துக்கும் அதே நாள் வந்தது. 2002 அக்டோபரில் வால்டர் பேட்டனின் சாதனையை முறியடித்தவரை, நான்கு மாதம் கழித்து 2003 பிப்ரவரியில் டல்லாஸ் விடுவித்தது. அப்போது அவருக்கு 33 வயது. மாற்றாகக் கேட்டு வாங்க எதுவும் மிச்சமில்லாத வயது.

வாக்கர் 1996ல் திரும்பவும் டல்லாஸுக்கே வந்தார். ஜான்சன் எப்போதோ போய்விட்டிருந்தார். பந்தை எடுத்து ஓடுகிற இடத்தில் எம்மிட் ஸ்மித் நின்றார். வாக்கருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுகிற வேலை. அவரைக் கொடுத்துக் கட்டிய அணி தன் கடைசி சூப்பர் பவுலை வென்று சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு சீசன் ஆடிவிட்டு 1997 முடிவில் ஓய்வு பெற்றார். அந்த அணியின் மூன்று சாம்பியன் மோதிரங்களில் ஒன்றுகூட அவர் விரலில் இல்லை.